ஏரி உள்வாயில் ஓட்டிய வண்டி

அல்லிச்சேரி பரந்தாமனைத் தெரிந்தவர்கள் அவரைப் பற்றி முதலில் சொல்வது, அவர் எதிலும் ஏறமாட்டார் என்பதைத்தான். ரயில் வேண்டாம், மோட்டார் வேண்டாம், மாட்டு வண்டிகூட வேண்டாம். அம்பத்தூரில் துக்கமா, நடை. பூந்தமல்லியில் கல்யாணமா, விடியுமுன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நடை. சண்டைக் காலத்தில் ஆவடிப் பக்கம் பட்டாளத்து லாரிகள் ஓட ஆரம்பித்தபோது, ஒரு டிரைவர் இரக்கப்பட்டு வண்டியை நிறுத்தி, "ஏறு பெரியவரே, வெயில் கொளுத்துது" என்று கூப்பிட்டானாம். இவர் கையெடுத்துக் கும்பிட்டு, "நீ நல்லா இரு நைனா. நான் நடந்தே வந்துர்றேன்" என்றாராம்.

காலுக்கு ஏதோ வேண்டுதல் என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொண்டார்கள். வேண்டுதல் ஒன்றும் இல்லை. உள்ளூர்க்காரர்களுக்குக் காரணம் தெரியும். தெரிந்ததால் கேட்கமாட்டார்கள்.

அல்லிச்சேரிக்கும் கருந்தாங்கலுக்கும் நடுவில் ஒரு பெரிய ஏரி. ஏரிக்கு மேற்கே அல்லிச்சேரி, கிழக்கே கருந்தாங்கல். கருந்தாங்கலைத் தாண்டி ஒன்றரை மைலில் ஆவடி. பொண்ணு கொடுத்துப் பொண்ணு எடுக்கிற ஊர்கள் இரண்டும். கரை மேல் இருக்கிற எல்லையம்மன் இரண்டு ஊருக்கும் பொது. ஆடி மாசம் கூழ் ஊற்றினால் இரண்டு ஊர் கேழ்வரகும் ஒரே பானையில்தான் வேகும். பரந்தாமனின் ஒரே பொண்ணு வடிவைக் கருந்தாங்கல் வரதன் மகன் கோவிந்தனுக்குக் கொடுத்தபோது, ஏரிக்கரை மேல் நடந்தே சீர்வரிசை போய்ச் சேர்ந்தது.

அப்புறம்தான் ரயில்காரனும் ரோட்டுக்காரனும் வந்தார்கள்.

ரயில் கம்பெனி இந்தப் பக்கத்தில் ஒரு ஆல்ட்டு வைக்கலாம் என்று பார்த்தது. ஆல்ட்டு என்றால் கட்டடம் கிடையாது. ஒரு மண்மேடை, ஒரு பலகை, டிக்கெட் கிழிக்க ஒரு ஆள், வண்டி ஒரு நிமிஷம் நிற்கும், அவ்வளவுதான். அதே சமயத்தில் ஜில்லா போர்டு ஏரியைத் தெற்கே சுற்றிக்கொண்டு ஒரு கப்பி ரோடு போட்டுப் பஸ் விட யோசித்தது. இரண்டு ஊருக்கும் இரண்டுமே வேண்டியிருந்தது. இரண்டு வருஷம் மனு மேல் மனு. அல்லிச்சேரி மனுவில், கருந்தாங்கல் மண்ணில் பாம்பு அதிகம், துரைமார் இறங்கினால் ஆபத்து என்று எழுதினார்கள். கருந்தாங்கல் மனுவில், அல்லிச்சேரிக்காரர்கள் டிக்கெட் வாங்கி ஏறுகிற வழக்கம் இல்லாதவர்கள் என்று எழுதினார்கள். கடைசியில் ஆல்ட்டு அல்லிச்சேரிக்கு. கப்பி ரோடும் பஸ்ஸும் கருந்தாங்கலுக்கு. ரோடு அல்லிச்சேரிப் புளியந்தோப்பை உரசிக்கொண்டுதான் பூந்தமல்லிக்குப் போனது. ஆனால் ஊர்ப் பெயர்ப் பலகையில் கருந்தாங்கல் என்று மட்டும் எழுதியிருந்தது.

இரண்டும் ஆறு மாசத்துக்குத்தான். ஆள் சேர்ந்தால் நிற்கும், சேராவிட்டால் எடுத்துவிடுவார்கள்.

தாது வருஷம் ஆடி மாசம் கூழ் முதல் தடவையாகத் தனித்தனிப் பானையில் வெந்தது. முதல் ஞாயிறு அல்லிச்சேரிக்காரர்கள் ஊற்றினார்கள். ஊற்றிவிட்டு, மணியக்காரர் உலகநாதன் தட்டில் கற்பூரத்தைக் கொளுத்தினார்.

"கருந்தாங்கல் ரோட்ல நம்மூரு காலு படக்கூடாது. அந்த பஸ்ல நம்மூரு ஆளு ஏறக்கூடாது. பரந்தாமா, நீ மொதல்ல கைய வெய்யி. நீ வெச்சா ஊரே வெச்ச மாதிரி."

பரந்தாமன் பொய் பேசாத மனுஷன். காலையில் அம்மனுக்கு ஒரு செம்பு தண்ணீர் ஊற்றாமல் வாயில் கஞ்சி வைக்காதவர். கற்பூரத்து மேல் கையை வைத்து அணைத்தார். அவருக்குப் பின்னால் எழுபது கைகள்.

அடுத்த ஞாயிறு கருந்தாங்கல்காரர்கள் அதே அம்மன் முன்னால், அதே கல்லில் கற்பூரம் அணைத்து, அல்லிச்சேரி ஆல்ட்டில் கால் வைக்கமாட்டோம் என்று சத்தியம் பண்ணினார்கள். அவள் இரண்டையும் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தாள்.

டிக்கெட் எண்ணிக்கையைக் காட்டவேண்டுமே என்று அல்லிச்சேரியில் ஒரு ஏற்பாடு செய்தார்கள். அதற்கு 'முறை ரயில்' என்று பெயர். வேலை இருக்கிறதோ இல்லையோ, வீட்டுக்கு ஒரு ஆள் முறை வைத்துப் பட்டணம் போய்வரவேண்டும். ஏரிக்கு அந்தப்பக்கம் போகாத பொம்பளைகளெல்லாம் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு சென்ட்ரலில் போய் இறங்கி, என்ன செய்வது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்துவிட்டு, திரும்பி வந்தார்கள். பரந்தாமன் சம்சாரம் நாகம்மாள் தன் முறைக்குப் போய் உயிர் காலேஜில் புலி பார்த்துவிட்டு வந்தாள்.

"இன்னா சொல்லிச்சி புலி?" என்று கேட்டார் பரந்தாமன்.

"நீயும் முறைக்கா வந்துகினுகீறேன்னு கேட்டுது" என்றாள்.

அந்த வருஷம் அவர் வாய்விட்டுச் சிரித்தது அதுதான் கடைசி.

ஐப்பசியில் வடிவுக்கு ஒன்பதாம் மாசம். வளைகாப்புக்குப் பரந்தாமன் கரை மேல் நடந்து கருந்தாங்கல் போனார். வளையல் அடுக்கி, சந்தனம் பூசி, எல்லாம் நல்லபடி முடிந்தது. தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான், அதில் பேச்சு இல்லை. எப்படி அழைத்துப்போவது என்பதில்தான் பேச்சு வந்தது.

சம்பந்தி வரதன் வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னார்: "பொண்ண அழைச்சிக்கினு போறது உன் பாத்தியதை சம்பந்தி. நான் குறுக்க நிக்கல. ஆனா எங்கூரு பஸ்லதான் போவணும். புளியந்தோப்புல எறக்கிடுவான். அரை மணி, நோவாம போயிடலாம்."

"சம்பந்தி, நான் கற்பூரத்துல கை வெச்சிக்கீறேனே. ஆவடிக்கு வண்டியில போயி, ரயில் ஏத்தினா ஆறே நிமிஷம்..."

"நானுந்தான் வெச்சிக்கீறேன்! எம்மருமவ அந்த ஆல்ட்டுல எறங்குனான்னா எங்கூரான் எம்மூஞ்சில துப்புவான். உன் சத்தியம் சத்தியம், என் சத்தியம் சொரைக்காயா?"

கதவுக்குப் பின்னால் இருந்து வடிவு கூப்பிட்டாள். கையில் புது வளையல் குலுங்கியது. முகம் வெளுத்து, கால் வீங்கியிருந்தது.

"நைனா, பஸ்ஸோ ரயிலோ, எதுனா ஒண்ணுல கூட்டிக்கினு போயிடு. எனக்கு இடுப்பு தாங்கல. அம்மாவ பாக்கணும்."

"இரு கண்ணு. எல்லாருக்கும் பொதுவா ஒரு வழி பண்றேன்" என்றார்.

திரும்பி வந்து மணியக்காரரைப் பார்த்தார். ஒரே ஒரு தடவை, பிள்ளைத்தாச்சிப் பொண்ணுக்காக, பஸ்ஸில் ஏற விடுங்கள் என்று கேட்டார். உலகநாதன் தலையை ஆட்டினார்.

"மொதல் கை உன்னுது பரந்தாமா. நீயே தாண்டினா அப்பால எவன் நிப்பான்? தை மாசம் ரயில்காரன் கணக்கு பாக்க வர்றான். ரயில்ல கூட்டிக்கினு வா. மேளம் வெச்சி எறக்கிக்கிறோம். கருந்தாங்கல் மருமவளே நம்ம ஆல்ட்டுல எறங்கினான்னு ஊரெல்லாம் பேசட்டும்."

அன்று நாகம்மாள் அடுப்பை ஊதிக்கொண்டே கேட்டாள்: "ரயில்ல கூட்டிக்கினு வந்தா இன்னா? அவுங்க கோச்சிக்கினா கோச்சிக்கட்டுமே."

"அவ அங்கதானே வாழணும் நாகு. தெனிக்கும் மாமனார் மூஞ்சில முழிக்கணுமே."

"அப்ப பஸ்ல கூட்டிக்கினு வா."

"அம்மன் முன்னால கை வெச்சனே."

"அவளுக்குத் தெரியாதா? புள்ளையக் காப்பாத்தத்தான வேப்பலையும் கையுமா உக்காந்துகீறா. போயி சொல்லு, கேட்டுக்குவா."

பரந்தாமன் துண்டை விரித்துத் திண்ணையில் படுத்தார். யார் மனசும் நோகக்கூடாது என்பது அவர் குணம். சின்ன வயசிலிருந்து அப்படித்தான். வாய்க்கால் தகராறில் இரண்டு பேரும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். தன் பங்குத் தண்ணீரை விட்டுக்கொடுத்து இரண்டு பேரையும் அனுப்புவார். இதற்கும் அப்படி ஒரு வழி இருக்கும் என்று நம்பினார். விடியும்போது அது கிடைத்தும் விட்டது.

ரயிலும் வேண்டாம், ரோடும் வேண்டாம். கரை ஒற்றையடி, அதில் வண்டி போகாது. ஏரிக்கு உள்ளேயே, தண்ணீர் வற்றிய உள்வாயில், பழைய வண்டிப்பாட்டை இருக்கிறதே. கோடையில் எரு அடிக்கிற பாட்டை. மூன்று மைல். ரயில் பாதை வடக்கே, பஸ் ரோடு தெற்கே, இது நடுவில். யார் சத்தியமும் கெடாது.

நாகம்மாள், "ஐப்பசியிலியா?" என்று கேட்டாள்.

"ஏரி இன்னும் ரொம்பல, நாலு நாளா மழையும் இல்ல. மேலாக்கதான் ஈரம்."

இரண்டு ஊரிலும் அவரைப் புகழ்ந்தார்கள். "மூளைன்னா பரந்தாமன் மூளைதான்" என்றார் உலகநாதன். வரதனும், "நம்ம சம்பந்தி எல்லார் கௌரவத்தையும் காப்பாத்திட்டாரு" என்று வெற்றிலைத் தட்டை நகர்த்தினார். வடிவு மூட்டையைக் கட்டினாள். பரந்தாமன் முந்தின நாளே கொண்டுவந்திருந்த தன் வண்டியில் வைக்கோல் பரப்பி, மேலே ரெண்டு பாய், அதற்கு மேல் நாகம்மாள் கொடுத்தனுப்பிய பழம்புடவை. கூண்டுக்குக் கீற்று முடைந்து கட்டியிருந்தது. கோவிந்தன் கூடவே நடந்தான். வெயில் இதமாக இருந்தது. பரந்தாமன் மாட்டை அதட்டக்கூட இல்லை, வாயால் சத்தம் கொடுத்துக் கொடுத்தே ஓட்டினார்.

முதல் ஒரு மைல் சரியாக இருந்தது. நடுவில் ஓடை. மேலண்டை ஏரி எதுவோ நிறைந்து, அதன் கலங்கலில் வழிந்த உபரித் தண்ணீர் அன்றைக்குத்தான் இறங்க ஆரம்பித்திருந்தது. முழங்கால் ஆழம்தான். மாடு இறங்கியது. வலது சக்கரம் அச்சு வரைக்கும் சேற்றில் போய் உட்கார்ந்தது. வண்டி ஒரு பக்கம் சாய, வடிவு மூங்கில் தடுப்பில் போய் மோதினாள்.

"அய்யோ நைனா!"

கோவிந்தன் சக்கரத்துக்குத் தோள் கொடுத்தான். பரந்தாமன் நுகத்தடியைப் பிடித்து இழுத்தார். இழுக்க இழுக்க இறங்கியது. தண்ணீர் ஏறிக்கொண்டே வந்து வைக்கோலை நனைத்தது. அப்போது வடக்கே, கூப்பிடு தூரத்தில், காலை வண்டி போனது. ஜன்னலில் கையை வைத்துக்கொண்டு ஆட்கள் இவர்களை வேடிக்கை பார்த்துக்கொண்டே போனார்கள். அல்லிச்சேரி ஆல்ட்டில் நிற்க அது ஊதுவதும் கேட்டது. கொஞ்ச நேரத்தில் தெற்கே பஸ்ஸின் ஆரன் கேட்டது.

வடிவுக்கு வலி கண்டுவிட்டது.

"நான் ஓடி ஆள கூட்டிக்கினு வர்றேன் மாமா" என்று கோவிந்தன் சேற்றில் விழுந்து எழுந்து அல்லிச்சேரிப் பக்கம் ஓடினான். பரந்தாமன் மகளை இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில் நின்றார். கரையேற முடியவில்லை, கால் வைத்த இடமெல்லாம் உள்வாங்கியது. கரை மேல் எல்லையம்மன் கோயில் கூரை தெரிந்தது. அதைப் பார்த்து, "தாயே, தாயே" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். வடிவு அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். எவ்வளவு நேரம் என்று பின்னால் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. பகல் வண்டியும் போய்விட்டது என்று மட்டும் தெரியும்.

ஆட்கள் கயிற்றுக் கட்டிலோடு வந்து தூக்கிக்கொண்டு போனார்கள். கோவில்பதாகையிலிருந்து மருத்துவச்சி வேம்புலியம்மாளை அழைத்துவந்தார்கள். விளக்கு வைக்கிற நேரத்துக்குக் குழந்தை பிறந்தது. ஆண் பிள்ளை. தலை நிறைய முடி. வேம்புலியம்மாள் காலைப் பிடித்துத் தூக்கி முதுகில் தட்டினாள், ஊதினாள், மறுபடி தட்டினாள். அழுகைச் சத்தம் வரவில்லை. பிறகு வெள்ளைத் துணியில் சுற்றி நாகம்மாள் கையில் கொடுத்தாள்.

யாரும் பரந்தாமனை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். மணியக்காரர் வந்து உட்கார்ந்து, "இன்னா பண்றது, சாமி விட்ட வழி. ஆனா ஒண்ணு, சத்தியத்த காப்பாத்திட்ட" என்றார். பரந்தாமன் எழுந்து வெளியே போய்விட்டார்.

நாற்பது நாள் கழித்துக் கோவிந்தன் வந்தான். சாப்பிடச் சொன்னார்கள், சாப்பிட்டான். பிறகு வடிவின் மூட்டையைத் தூக்கிக்கொண்டு, அவள் பின்னால் வர, நேராக ஆல்ட்டுக்கு நடந்தான். கருந்தாங்கல்காரன், கற்பூரம் அணைத்தவன், மண்மேடையில் ஏறி இரண்டு டிக்கெட் வாங்கினான். மேடையில் பத்துப் பேர் இருந்தார்கள். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. ஆவடியில் இறங்கி ஊருக்குப் போனபோது, அங்கேயும் யாரும் எதுவும் கேட்கவில்லையாம். வரதன் மட்டும் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் போய்விட்டாராம்.

பரந்தாமன் மேடை ஓரத்தில் நின்று வண்டி போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். இவ்வளவுதானா, இவ்வளவு சுலபமா என்று அவருக்குத் தோன்றியது.

தை மாசம் ரயில்காரர் வந்தார். மூக்குக்கண்ணாடி போட்ட, அமைதியான மனுஷர். கணக்கைப் பார்த்துவிட்டு, "உங்க ஊர் பரவாயில்லை. ஆனா ஒரு ஊர் மட்டும் ஏறினா எப்படி? பக்கத்து ஊரும் ஏறியிருந்தா ஆல்ட்டு நின்னிருக்கும்" என்றார். மாசியில் பலகையைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். பஸ்காரனும் அதையேதான் சொன்னான் என்று கேள்வி. புளியந்தோப்பில் ஏற ஆளில்லை, பங்குனியோடு நிறுத்திவிடப்போகிறான்.

அந்தக் கடைசி வாரத்தில் ஒருநாள் பரந்தாமன் வேட்டியை வெளுத்துக் கட்டி, விபூதி இட்டுக்கொண்டு, பட்டப்பகலில் புளியந்தோப்புக்குப் போய்க் கப்பி ரோட்டில் ஏறி நின்றார். பஸ் வந்தது. கையைக் காட்டினார்.

கண்டக்டர் ஆனந்தன் கருந்தாங்கல் பையன். கதவில் தொங்கிக்கொண்டே கூவினான்: "தோ பார்ரா, அல்லிச்சேரி ஆளு! இன்னா பெரியவரே, சத்தியம் இன்னா ஆச்சி? தண்ணியில போச்சா?"

உள்ளே இருந்த ஒரு அம்மாள், "டேய், அவுரு யாருன்னு தெரியாம வாய வுடாத. வடிவு அப்பாருடா" என்றாள்.

பையனுக்கு முகம் சுருங்கிவிட்டது. இறங்கி நின்று, கையைப் பிடித்து ஏற்றினான். பரந்தாமன் ஓரத்தில் உட்கார்ந்தார். ஏரியைச் சுற்றிக்கொண்டு பஸ் ஓடியது. ஒரு குலுக்கல் இல்லை. மடியில் வைத்திருந்த வாழைப்பழச் சீப்பு அசையாமல் இருந்தது. அதையே பார்த்துக்கொண்டு போனார். ஒரு தடவை வெற்றிலை போட்டுத் துப்புகிற நேரம்போல இருந்தது, கருந்தாங்கல் வந்துவிட்டது.

வடிவு நெல் புடைத்துக்கொண்டிருந்தாள். இளைத்திருந்தாள். அப்பாவைப் பார்த்ததும் முறத்தை வைத்துவிட்டு எழுந்தாள்.

"வா நைனா. நடந்தா வந்த? இந்த வெயில்ல?"

"இல்ல கண்ணு." துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "பஸ்ல வந்தேன். உன்னப் பாக்கணும்னு... ஏறிட்டேன்."

வடிவு கையிலிருந்த உமியைத் தட்டிவிட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. சின்ன வயசில் சாயங்காலம் ஏன் சந்தையிலிருந்து வர நேரமாகிவிட்டது என்று கேட்பாளே, அந்தக் குரலில்தான் கேட்டாள்.

"அன்னிக்கு ஏறியிருக்கலாமே நைனா."

அப்புறம் உள்ளே போய்ச் செம்பில் மோர் கொண்டுவந்தாள். அவர் குடித்தார். அம்மா எப்படிக் கீறாங்க என்று கேட்டாள். நல்லா கீறா என்றார். வாழைப்பழத்தை வாங்கி வைத்தாள். சாயங்கால பஸ் ஆரன் அடித்தபோது, "பஸ் வந்துட்டுது நைனா" என்று நினைவுபடுத்தினாள்.

"நீ இரு கண்ணு. நான் போய்க்கிறேன்" என்று சொல்லிவிட்டு, பஸ் நின்ற பக்கம் போகாமல் ஏரிக்குள் இறங்கினார்.

அந்த ஐப்பசிக்குப் பிறகு மழையே இல்லை, பங்குனியில் உள்வாய் காய்ந்து வெடித்திருந்தது. பழைய பாட்டையிலேயே நடந்தார். ஓடை வந்தது. தண்ணீர் இல்லை. அவருடைய வண்டித் தடம் அப்படியே இருந்தது. சேறு காய்ந்து கல்லாக இறுகி, வலது சக்கரம் புதைந்த குழி, மாட்டுக் குளம்பு, கோவிந்தன் விழுந்து கை ஊன்றிய இடம். ஓரமாக இரண்டு ஆழமான குழிகள், அவர் மகளைத் தூக்கிக்கொண்டு நின்ற கால்கள். அதற்குள் ஒரு உடைந்த கண்ணாடி வளையல் கிடந்தது.

பரந்தாமன் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். வளையலை எடுக்கவில்லை. எடுக்கத் தனக்குப் பாத்தியதை இல்லை என்று நினைத்தாரோ என்னவோ. கரை மேல் கோயிலில் யாரோ மணி அடித்தார்கள். அவர் திரும்பிப் பார்த்துக் கும்பிட்டார். அம்மன் மேல் அவருக்குக் கோபம் வந்ததில்லை. கேட்டிருந்தால் விட்டுக்கொடுத்திருப்பாள், தான் கேட்கவில்லை என்பது அவருக்குத் தெரியும்.

அன்றிலிருந்துதான் நடை. மாடுகளையும் வண்டியையும் அந்தச் சித்திரையிலேயே விற்றுவிட்டார். பின்னால் வடிவுக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்தன, அம்மன் புண்ணியத்தில் இரண்டும் நல்லபடியாக. இரண்டும் கருந்தாங்கலில், புகுந்த வீட்டிலேயே பிறந்தன. யாரும் தாய் வீட்டுக்கு அனுப்பவில்லை, பரந்தாமனும் கேட்கவில்லை. வடிவுக்கு வலி கண்டதாகச் சொல்லியனுப்பியபோதெல்லாம் கரை மேல் நடந்தே போய், வரதன் வீட்டு வாசல் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டு, உள்ளே குழந்தை அழுகிற சத்தம் கேட்கிறவரைக்கும் நிற்பார். சத்தம் கேட்டதும், மகள் முகத்தைக்கூடப் பார்க்காமல், வந்த வழியே நடந்து திரும்பிவிடுவார்.